செவென் மலைகளில் சைக்கிள் ஓட்டப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அப்பாவும் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்தோம். நீமிலிருந்து ரயிலில் வில்ஃபோர், அங்கிருந்து மோன் லொஸேர், பொன்-த-மோன்வேர், ஃப்ளோராக், கோஸ் மேஜான் பீடபூமி, மெய்ரூயிஸ், தூர்பி பள்ளத்தாக்கு, லார்சாக் பீடபூமி, நவாசெல், கடைசியில் சேன்-கியேம் என்று நீ வகுத்திருக்கும் வழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தென் பிரான்சில் மலைச் சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் உன் அட்டவணையில் கிலோமீட்டர் கணக்கும் ஏற்றக் கணக்கும்தான் இருக்கின்றன. எந்த இடத்தில் இறங்குவாய், எவ்வளவு நேரம் நிற்பாய் என்பது எங்குமே இல்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ ஓட்டப்போகும் தடங்களில் பெரும்பாலானவை சைக்கிளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஆட்டு மந்தைகளும், மடத்து வீரர்களும், அரசனின் பீரங்கிகளும், கால்நடையாகச் சந்தைக்குப் போன விவசாயிகளும் உண்டாக்கிய தடங்கள் அவை. யார் எதற்காக உண்டாக்கினார்கள் என்பது அந்தத் தடத்தின் சரிவிலேயே இருக்கிறது. கோடையில் சமவெளியின் வெயிலுக்குத் தப்பி மந்தைகள் மலையேறிய பாதைகளை இங்கே திராய் என்பார்கள். அவை வளைவு நெளிவு பார்க்காமல் முகட்டின் மேலாகவே நேராக ஏறும், ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒன்றாக நடக்கும் அளவுக்கு அகலமாகவும் இருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஏற்றத்தில் நீ சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாதை சக்கரத்துக்கு ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. இந்தப் பாதைகளையும் கல்வேலிகளையும் மேய்ச்சல் வெளிகளையும் சேர்த்தே கோஸ் என்ற சுண்ணாம்புப் பீடபூமிகளும் செவென் மலைகளும் அடங்கிய நிலப்பகுதியை யுனெஸ்கோ 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மோன் லொஸேரின் உச்சி ஃபினியேல், 1,699 மீட்டர். மலை முழுவதும் கருங்கல். அது உதிர்ந்து கிடக்கும் பருமணலில் முன்சக்கரம் வழுக்கும், ஆகவே இறக்கத்தில் முன்பிரேக்கை அளவாகப் பிடி. உச்சியைத் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடாதே. மேய்ச்சல் வெளியில் சிதறிக் கிடக்கும் பாறைகளில் சிலவற்றின் மேல் மால்டாச் சிலுவை செதுக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து இந்த மலையில் நிலம் வைத்திருந்த ஹாஸ்பிட்டலர்கள் எனப்படும் புனித யோவான் சபைத் துறவி வீரர்களின் எல்லைக் கற்கள் அவை. லோப்பித்தால் என்ற குக்கிராமத்தின் பெயரும் அவர்களால் வந்ததுதான். கல்லின் மேல் விரலை வைத்துப் பார். நான்கு கரங்களும் நுனியில் விரிந்து பிளவுபட்டிருப்பதும், பாசி அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் அடர்த்தியாகப் பிடித்திருப்பதும் தெரியும்.

வடக்குச் சரிவில் ஊல்தெ போன்ற சிற்றூர்களில் தேவாலயம் இல்லாமலே ஒரு சிறு மணிக்கூண்டு மட்டும் தனியாக நிற்பதைக் காண்பாய். பனிப்புயலோ மூடுபனியோ சூழ்ந்துகொண்டால், வழி தவறியவர்கள் ஓசையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்து சேர்வதற்காக ஊரார் அந்த மணியை மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பார்களாம். இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான். எந்தக் கோட்டையைக் காட்டிலும் அதை நீ பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பொன்-த-மோன்வேரில் காப்பி குடிக்க அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறாய், அரைநாள் ஒதுக்கு. நாந்த் சாசனம் என்ற அரச ஆணையின் வழியாகப் புராட்டஸ்டன்டுகளுக்குக் கிடைத்திருந்த வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி 1685-இல் பறித்துக்கொண்டான். இந்தப் பள்ளத்தாக்குகளின் மக்களோ மதம் மாறியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரவில் காடுகளிலும் குகைகளிலும் கூடிச் சங்கீதம் பாடினார்கள். அவர்களைப் பிடித்துத் திருத்தும் வேலையை மேற்கொண்டிருந்த பாதிரியார் துய் ஷைலா, தார்ன் ஆற்றங்கரையில் இந்த ஊரிலிருந்த ஒரு வீட்டில் கைதிகளை அடைத்து வைத்திருந்தார். 1702 ஜூலை 24 இரவு ஒரு கூட்டம் பாடிக்கொண்டே வந்து, கைதிகளை விடுவித்து, அவரைக் கொன்றது. அதில் முன்நின்ற எஸ்ப்ரி செகியே சில வாரங்களுக்குள் பிடிபட்டு, இதே ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார். கமிசார் என்று பெயர்பெற்ற புராட்டஸ்டன்டு கிளர்ச்சியாளர்களின் போர் இப்படித்தான் தொடங்கியது. கம்பளி சீவுகிறவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் ரொட்டி சுடுகிறவர்களும் ஐரோப்பாவின் மிகப் பெரிய அரசப் படையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைகளில் திணறடித்தார்கள். 1703-இன் இலையுதிர் காலத்தில் அரசப் படை நூற்றுக்கணக்கான சிற்றூர்களை இடித்தும் கொளுத்தியும் பழிதீர்த்தது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஃப்ளோராக்குக்குத் தெற்கே செவென் முகடுகளின் மேல், கால்களுக்கு வலி தெரியாமல் சீராக ஏறும் தடங்கள் சில உண்டு. நேராக ஏறும் திராயில் மூச்சு வாங்கிய பிறகு அந்தத் தடத்தில் சக்கரம் தானாக உருள்வதுபோல் இருக்கும். நீயும் மகிழ்ந்து பாடிக்கொண்டே போவாய். அப்படிப்பட்ட பாதைகள் பலவற்றைப் போட்டவர் லாங்தோக் மாகாணத்தின் அரச நிர்வாகி பாவில். கிளர்ச்சி செய்யும் கிராமங்களுக்குள் படையையும் பீரங்கியையும் விரைந்து கொண்டுசெல்வதற்காகவே அவர் மலைக்குள் அரச பாதைகளை வெட்டினார். பீரங்கி வண்டி ஏறுவதற்காக அளந்த சரிவு அது. அங்கே போகும்போது இது உன் நினைவில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பள்ளத்தாக்குகளில் படிப்படியாகக் கட்டிய கல்வரப்புகள் இன்று காடு மூடிக் கிடக்கின்றன. செஸ்நட் மரமே அங்குள்ளோருக்குச் சோறு போட்டது. காய்களை உலர்த்திய சிறு கல்வீடுகள் மரங்களுக்கிடையே இன்னும் நிற்கின்றன. 1709-இன் கொடுங்குளிரில் மரங்கள் பட்டுப்போனபின் முசுக்கொட்டை நட்டு, பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தார்கள். அந்தப் புழுக்களுக்கு வந்த நோயை ஆராய்வதற்குத்தான் 1865-இல் விஞ்ஞானி லூயி பாஸ்தர் அலேஸ் நகருக்கு வந்தார். ஃப்ளோராக்கை நெருங்கும்போது லே போந்தோன் மேட்டுநிலத்துக்கு ஒரு மணி நேரம் கொடு. சுண்ணாம்புத் தரையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கருங்கல் நெடுங்கற்கள், அத்தனையும் மோன் லொஸேரிலிருந்து இழுத்து வந்து நட்டவை. பிரிட்டனியின் கர்னாக்கை விட்டால் பிரான்சில் வேறெங்கும் இவ்வளவு கற்கள் ஒரே இடத்தில் இல்லை.

கோஸ் மேஜானில் எல்லாம் மாறிவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் மரமற்ற சுண்ணாம்புப் பீடபூமி. பெய்யும் மழையெல்லாம் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்கிவிடுவதால் மேலே ஓர் ஓடைகூடக் கிடையாது. ஆடுகளுக்காக இடையர்கள் களிமண் மிதித்து, மேலே தட்டைக் கற்களைப் பாவி, வட்டமான குட்டைகளை அமைத்தார்கள். லவோஞ் என்ற அந்தக் குட்டைகளின் விளிம்பில் கற்கள் நடுவை நோக்கிச் சரிந்து, குளம்புகள் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும். அது உனக்கான தண்ணீர் அல்ல. மூன்று லிட்டராவது தூக்கிக்கொண்டு போ; ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும், குடிநீர் என்று எழுதியிருந்தால் நிரப்பிக்கொள். சுண்ணாம்புக் கல் கத்திபோலக் கூராக இருக்கும், டியூப்லெஸ் டயரில் புது சீலன்ட் ஊற்றாமல் கிளம்பாதே.

பீடபூமியின் தெற்கு விளிம்பிலிருந்து ஜோந்த் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தால், கழுகுகள் உன் காலுக்குக் கீழே வட்டமிடும். ஒருகாலத்தில் இங்கே அடியோடு அற்றுப்போன பிணந்தின்னிக் கழுகுகளை 1981 முதல் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். இறந்த ஆடுகளை முறையாக அவற்றுக்கே விட்டுவைக்கும் பண்ணைக்காரர்களால்தான் அவை இன்று நிலைத்திருக்கின்றன. எகுவால் மலைக்கு ஏறுவது உன் விருப்பம். நேரம் போதாவிட்டால் நான் கைவிடச் சொல்வது அதைத்தான், லார்சாக்கில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்காதே.

லார்சாக்கை ஒரே பகலில் கடந்துவிடுவதாக எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு மனம் ஒப்பவில்லை. லா கூவெர்துவாராத் ஊரைப் பார்க்க எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீயும் நிற்பாய். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டெம்ப்ளர் என்ற இன்னொரு துறவி வீரர் சபையினர் கட்டிய கோட்டை. அந்தச் சபை 1312-இல் கலைக்கப்பட்டபின், மோன் லொஸேரில் நீ சிலுவை பார்த்த அதே புனித யோவான் சபையின் கைக்கு வந்து, பதினைந்தாம் நூற்றாண்டில் சுற்றுமதில் எழுப்பப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் தலை வட்டமான பழைய நடுகற்களைப் பார்க்கத் தவறாதே.

ஆனால் லார்சாக்கின் பெரிய கதை நான் இங்கே வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. 1971 அக்டோபரில், மூவாயிரம் ஹெக்டேராக இருந்த ராணுவ முகாமைப் பதினேழாயிரமாக விரிக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஆட்டுப்பால் கறந்து ரோக்ஃபோர் சீஸுக்குக் கொடுத்துப் பிழைத்தவர்களின் நிலம் அது. காந்தியடிகளை 1937-இல் வார்தாவில் சந்தித்து, அவரிடமே சாந்திதாஸ் என்ற பெயர் பெற்ற லான்சா தெல் வாஸ்தோ, 1972-இல் லா கவலெரியில் வந்து அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். அந்த நாட்களில்தான் 103 விவசாயிகள், எங்கள் நிலத்தை ராணுவத்துக்கு விற்க மாட்டோம் என்று ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டு போய் ஐஃபல் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். கட்ட அனுமதியில்லாத இடத்தில், 1973 முதல், எங்கிருந்தெல்லாமோ வந்த தொண்டர்களின் கைகளால் லா பிளாக்கியேரில் ஓர் ஆட்டுத் தொழுவத்தைக் கல்லாலேயே எழுப்பினார்கள். ராணுவச் செலவுக்குப் போகும் வரிப் பங்கைக் கட்ட மறுத்தவர்கள் அந்தப் பணத்தை அதற்குக் கொடுத்தார்கள். பத்து ஆண்டுகள் ஓர் உயிரையும் பறிக்காமல் போராடினார்கள்; 1981-இல் மித்தெரான் குடியரசுத் தலைவராகப் பதவிக்கு வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். ராணுவத்துக்காக அரசு வாங்கி வைத்திருந்த நிலம், 1985-இல் நீண்டகாலக் குத்தகையாக விவசாயிகளின் கூட்டு நிர்வாகத்துக்கே வந்தது. உன் வரைபடத்தில் அந்த மேய்ச்சல் வெளிகளின் நடுவே மெல்லிய கோடாகத் தெரியும் ஒவ்வொரு தடமும், அவர்கள் தோற்றிருந்தால், முள்வேலிக்கும் டாங்குகளுக்கும் உள்ளே போயிருக்கும். தூர்பியிலிருந்து ஏறியதும் மேற்கே திரும்பி லா பிளாக்கியேர் வரை போ. கோட்டையைக் காட்டிலும் அந்தத் தொழுவம் உனக்குப் பெரிதாகத் தெரியும் என்று நம்புகிறேன்.

நவாசெல்லில் விஸ் ஆறு தன் பழைய வளைவை அறுத்துக்கொண்டு போய்விட்ட இடம் கண்முன்னே விரியும். இறக்கம் செங்குத்து, பிரேக் பேட் தேய்ந்திருந்தால் லார்சாக்கிலேயே மாற்றிக்கொள். சேன்-கியேம் மடம் 804-இல் தொடங்கப்பட்டது, அதன் உள்முற்றத் தூண்களில் பல இன்று நியூயார்க்கில் இருக்கின்றன. மிஞ்சியதே போதுமான அழகு.

இனி உன் பத்திரம் பற்றி. மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் ஓடி வந்தால் வேகமெடுக்காதே; இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் நிறுத்தி, தணிந்த குரலில் பேசிக்கொண்டே மந்தையைச் சுற்றி நட. நீ திறந்த படலை மறக்காமல் மூடிவிட்டுப் போ. செப்டம்பரில் வேட்டைக்காலம் தொடங்கிவிடும், பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொள். அதைவிட முக்கியமானது மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதும் இலையுதிர் காலத்தில், ஒரு சில மணி நேரத்தில் ஆறுகள் கரை மீறும். வானிலை எச்சரிக்கை ஆரஞ்சு நிறமானால் பள்ளத்தாக்கில் இறங்காமல், இருக்கும் ஊரிலேயே தங்கிவிடு. நாள் போனால் போகட்டும்.

மொத்தத்தில் உன் திட்டத்துக்கு இன்னும் மூன்று நாட்கள் வேண்டும்: பொன்-த-மோன்வேருக்கு ஒன்று, லார்சாக்குக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. விடுப்பை நீட்டிக்க முடியாவிட்டால் எகுவாலை விட்டுவிட்டு, ஃப்ளோராக்கிலிருந்து நேராகப் பீடபூமிக்கு ஏறிவிடு. திருத்திய அட்டவணையை இந்த வாரத்துக்குள் அனுப்பினால், மெய்ரூயிஸிலும் லா கூவெர்துவாராதிலும் அறைக்கு நான் இங்கிருந்தே தொலைபேசியில் சொல்லிவைக்கிறேன். கடைசி நாள் மாலையில் அப்பா காருடன் சேன்-கியேமுக்கு வந்துவிடுவார். சைக்கிளைப் பின்னால் மாட்டும் தாங்கியை ஏற்கெனவே துடைத்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா