டாக்டரைத் தேடியும் ஒருவர் போகட்டும்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று 19 வருடம் மருந்துக் கம்பெனியின் மெடிக்கல் ரெப்பாகப் பை சுமந்தவன் நான். ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர் அறையில் எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். கம்பெனி கொடுத்த மருந்து விளம்பரப் படப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, சாம்பிள் வைத்துவிட்டுக் கிளம்புவேன். சில நாள் டாக்டரே, "இதை கிட்னி பிரச்சினை உள்ளவங்களுக்குக் கொடுக்கலாமாப்பா?" என்று கேட்பார். தாவரவியல் படித்த நான், கம்பெனிப் பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்து, "தாராளமா கொடுக்கலாம் சார்" என்பேன். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது.

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, மருந்து விற்காத ஒருவரை அவர்களிடம் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறவர் எப்போது புத்தகத்தைத் திறப்பார்? அமெரிக்காவின் அயோவாவில் 103 குடும்ப மருத்துவர்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. பத்து நோயாளிகளுக்கு மூன்று சந்தேகமாவது அவர்களுக்கு வந்திருக்கிறது, அதில் 64 சதவீதத்துக்கு உடனே விடை தேடவே இல்லை, தேடியவற்றுக்கும் சராசரியாக இரண்டு நிமிடம்கூடச் செலவாகவில்லை. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் பையோடு உள்ளே நுழைகிறோம்.

1982இல் ஜெர்ரி ஏவார்ன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பாஸ்டன் பகுதியில் 85 டாக்டர்களிடம் பேசினார்கள். ஆராய்ச்சி இதழ்களைத்தான் நம்புகிறோம், விளம்பரமும் ரெப்பும் பெரிதில்லை என்றார்கள் பெரும்பாலானோர். ஆனால் இதழ்கள் பெரிய பலனில்லை என்று சொல்லி, விளம்பரங்கள் தூக்கிப்பிடித்த இரண்டு வகை மருந்துகளைப் பற்றிக் கேட்டால், பலருடைய பதில் விளம்பரத்தின் பக்கம்தான் சாய்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எது எங்கிருந்து மனதில் ஏறியது என்று அவர்களுக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடமே ஏவார்னும் ஸ்டீபன் சௌமராய் என்ற ஆய்வாளரும் சேர்ந்து செய்த சோதனையைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நான்கு மாநிலங்களில் 435 டாக்டர்கள். ஒரு பிரிவினருக்கு அச்சிட்ட தகவல் மட்டும் தபாலில் போனது, குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. இன்னொரு பிரிவினரிடம் அதோடு பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நேரில் போய்ப் பேசினார்கள், ரெப் போவது போலவே, ஆனால் விற்பதற்கு எதுவும் இல்லாமல். தேவையில்லாமல் எழுதப்படுகின்றன என்று சோதனைக்கு எடுத்துக்கொண்ட மருந்துகளை அவர்கள் எழுதுவது 14 சதவீதம் குறைந்தது.

நாமோ இன்னும் சுற்றறிக்கையை நம்பிக்கொண்டிருக்கிறோம். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு சொன்னது. சின்ன ஊரில் தனியாக கிளினிக் வைத்திருப்பவரிடம் அதை யார் போய்ச் சொல்வது? எந்த ரெப்பும் சொல்ல மாட்டார், அவருக்கு மாத டார்கெட் இருக்கிறது.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவத்தை 2021இல் தொடங்கிய துறை நீங்கள். அதே மாதிரி மருந்தாளுநர்களைப் பயிற்றுவித்து, அரசு மருத்துவமனைகளோடு நிறுத்தாமல் தனியார் கிளினிக்குகளுக்கும் அனுப்புங்கள். முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து, மருந்துச் சீட்டுகள் மாறுகின்றனவா என்று அளந்து பாருங்கள். அப்புறம் ஒன்று, அனுப்புகிறவர்களை ஏழு மணிக்குப் போகச் சொல்லாதீர்கள், கூட்டம் நெரியும். ஒன்பதரைக்கு மேல் போனால் டாக்டர் உட்காரச் சொல்வார்.