சம்புநாத் தே பற்றிய பேச்சுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழையையும் பார்க்காமல் கல்கத்தாவில் வேலை பார்த்த காலரா விஞ்ஞானி சம்புநாத் தே பற்றிக் கேட்க வந்தீர்கள். பேசியது நான் ஒருத்திதான் என்றாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பல பேர் எட்டு மாதம் உழைத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டதால் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில் நூலக உதவியாளர் அண்ணன். 1959 மே மாத 'நேச்சர்' இதழைக் கேட்டதும், மாடி அறையைத் திறந்து, ஏணி போட்டு ஏறி, பைண்டு செய்த தொகுதியைத் தோள்துண்டால் துடைத்துக் கையில் கொடுத்தார். தேயின் கட்டுரை இரண்டே பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. எழுதியவர் அவர் ஒருவரே. காலராக் கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை முயலின் குடலுக்குள் செலுத்தினார். குடலில் நீர் கோத்துக்கொண்டது. அப்படியென்றால் நீரை இழுத்தது கிருமி விட்டுப்போன நஞ்சு. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1884-ல் அதே கல்கத்தாவில் கிருமியைக் கண்டபோதே நஞ்சு இருக்கும் என்று ஊகித்திருந்தார். பிறகு பலரும் அதை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடலுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார் தே. அந்த யோசனையின் எளிமை இன்றைக்கும் எனக்குச் சிலிர்ப்பைத் தருகிறது.

அதற்கு வழி செய்தது அவர் 1953-ல் வெளியிட்ட முறை: முயல் குடலின் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் ஊசி போடுவது. இதை எப்படிப் புரியவைப்பது என்று நான் தவித்தபோது, என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஐயா ஒரு பழைய சைக்கிள் டியூபோடு வந்தார். சணல் கயிற்றால் இரண்டு முடிச்சு போட்டு, சிரிஞ்சால் நீரேற்றினார். முடிச்சுகளுக்கு நடுவில் மட்டும் டியூப் உப்பியது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்களே, அது முழுக்க ஐயாவின் வேலை.

கொல்கத்தா தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன். இத்தனை வருடம் 'டே' என்று சொல்லிவந்த என்னைத் திருத்தி, 'தே' என்று சொல்லவைத்தவர் அவர்.

தேயின் கட்டுரையைப் பிற விஞ்ஞானிகள் எங்கெல்லாம் மேற்கோள் காட்டினார்கள் என்று தேடியவள் என் தங்கை மகள். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லும் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்ட் வெளியிட ஆரம்பித்தது 1964-ல். அதற்குள் தேயின் கட்டுரைக்கு ஐந்து வயது. பொடி எழுத்தில் அச்சான பழைய தொகுதிகளில் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். ஆங்கிலத்தில் 'தே' வெறும் இரண்டெழுத்து. பிரெஞ்சுப் பெயர்களின் முன்னொட்டும் அதே இரண்டெழுத்து என்பதால், அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கார்ஃபீல்டே 1986-ல் தேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதலில் யாரும் கவனிக்காத அந்த ஆய்வு பிறகு காலரா ஆராய்ச்சியின் மைல்கல் ஆனதைச் சொன்னார். தே 1985 ஏப்ரலிலேயே போய்விட்டார். 1978-ல் நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரைப் பரிசுக்கே முன்மொழிந்தார். ஆனால் இந்தியாவின் எந்த அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தம்பிக்கும் நன்றி.

மண்டபம் தந்த தலைமையாசிரியருக்கும், மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓட்டியவருக்கும், சுண்டல் செய்து தந்த அக்காமாருக்கும் நன்றி.

அப்புறம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி. அந்த நஞ்சு குடலின் சுவரை அழிப்பதில்லை, அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் அப்படித்தான் உயிர்களைக் காப்பாற்றினார் என்று நான் சொல்லி முடித்ததும் என்னிடம் வந்தீர்கள். சின்ன வயதில் உங்கள் தம்பிக்கு வாந்திபேதி. "தண்ணி, தண்ணின்னு கேட்டான். குடுத்தா இன்னும் போகும்னு பெரியவங்க குடுக்க விடலை" என்றீர்கள். "உப்பும் சர்க்கரையும்தானா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள். பதில் வராமல் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்து சொன்னதற்கு நன்றி, பாட்டி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை, மதுரை