செம்பு மட்டும் அடித்த நொன்னோவுக்கு

நொன்னோ,

உங்கள் மொழியில் தாத்தா என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் போய் நாளையோடு ஒரு வருடம். எங்கள் ஊரில் ஆண்டுத் திவசம் என்போம். உங்கள் வீட்டில் பூசை வைப்பார்களாக்கும். எனக்கு அழைப்பு இல்லை. அழைத்தாலும் சிசிலியில் இந்தப் பலெர்மோவிலிருந்து உங்கள் விட்டோரியாவுக்கு வர எனக்கு முகம் இல்லை.

தமிழில் எழுதினால் உங்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று கேட்பார்கள். என் இத்தாலியன் மட்டும் என்ன, நீங்கள் இருந்தபோது புரிந்ததா? ஆனால் உங்கள் மகள் இதைத் தொலைபேசியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்க்கக்கூடும். அதனால் கூலிக் கணக்கை இங்கே கதைக்கப் போவதில்லை.

உங்கள் திராட்சைத் தோட்டத்தில் நான் வேலை செய்த 2023 ஜூன். மழை விட்டபாடில்லை. நேரோ தாவோலாத் திராட்சை வரிசையில் இலையைத் திருப்பினால் அடியில் மாவு தடவினதுபோல வெள்ளை. பெரனோஸ்போரா நோய் என்றீர்கள். பெயர்தான் எனக்குப் புதிது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அப்பாவின் முந்திரிகை, அதாவது திராட்சைப் பந்தலில் சின்ன வயதிலேயே பார்த்த வெள்ளை அது. அங்கேயும் இதே செம்மண், அடியில் இதே சுண்ணாம்புக்கல். அப்பா என்றால் அன்றைக்கே நல்ல மருந்தாக அடித்திருப்பார்.

நீங்களோ இயற்கை விவசாயம் என்று, துருசும் (செம்பு உள்ள நீல உப்பு) சுண்ணாம்பும் கலந்து அடித்துக்கொண்டே இருந்தீர்கள். செம்பு இலைக்கு மேலேதான் நிற்கும், உள்ளே போகாது. ராத்திரி மழை பெய்தால் விடிய ஒன்றும் மிச்சமில்லை. திரும்ப அடிக்கலாமென்றால் சேற்றில் ட்ராக்டர் இறங்காது. அதற்கும் ஒரு கணக்கு: ஹெக்டேருக்கு 7 வருடத்தில் 28 கிலோ செம்பு, அதற்கு மேல் கூடாது. அடித்ததையெல்லாம் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தீர்கள். கொத்துக் கொத்தாகக் காய் தோல்போலச் சுருங்கிக்கொண்டிருந்தது, நீங்கள் பென்சில் தீட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அன்று பின்னேரம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒரு லீட்டர் கேன் வாங்கி வந்தேன். இலைக்குள் ஊறிப்போகிற மருந்து. உங்களிடம் கேட்காமல்தான். தாங்கியில் ஊற்ற மூடியைத் திறந்தபோது பின்னால் நின்றீர்கள். நீலம் ஏறிய விரல்களால் கேனை வாங்கினீர்கள், மூடியைத் திருகினீர்கள், "குயி நோ" என்றீர்கள். இங்கே கூடாது. அவ்வளவுதான். பிறகு நீங்களே வண்டி எடுத்துப் போய், நீங்களே கேட்டு ஆள் அனுப்பினதுபோல அவரிடம் மன்னிப்புச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடித்திருந்தால் இலையைச் சோதனைக்கு எடுக்கும்போது பிடிபட்டிருக்கும். போத்தலில் இருக்கிற இயற்கை விவசாயப் பச்சை இலைச் சின்னம் போயிருக்கும். திரும்ப மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். தெரியும். தெரிந்துதான் செய்தேன். சின்னத்தைச் சாப்பிட முடியுமா நொன்னோ? காய் இல்லையென்றால் உங்களுக்கு ஒரு வருடத்து வைன் குறையும். எனக்கு? சரி, கதைக்க மாட்டேன் என்றேன்.

செப்டம்பரில் நான் வரவில்லை. வாடகை, பிள்ளையின் படிப்பு, உணவகத்தில் கிடைத்த வேலை, எல்லாம் உண்மை. ஆனால் திராட்சை வெட்டுத் தொடங்கின அன்று பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்களாம். சொல்லாமல் போனது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம்.

அந்த வருடத்துப் போத்தலில் ஒன்றை யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தீர்கள். நேற்றுத்தான் திறந்தேன். சிசிலியிலேயே டிஓசிஜி என்கிற இத்தாலிய வைனின் உச்சத் தரம் வாங்கின ஒரே வைன் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பீர்களே, அந்தச் செராசுவோலோ. செர்ரி நிறம். அதில் கலக்கிற ஃப்ராப்பாத்தோத் திராட்சையின் வாசம் முதலில் வந்தது. கடைசியில் நாவற்பழம் தின்றதுபோல நாக்கில் ஒரு துவர்ப்பு. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கோபம்.

உங்கள் சிவப்புப் பிடிக் கத்தரியை மகள் தேடினாராம். என்னிடம்தான் இருக்கிறது. பால்கனியில் கறிவேப்பிலை வெட்ட எடுக்கிறோம். திருப்பித் தரமாட்டேன்.