துருசு திறக்க முன்னம் சொல்லுங்கள்

வன்னித் தேர்தல் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும்,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையச் செயலாளர் எழுதுகிறேன். பத்திரிகை அடுக்குவது, அறிவித்தல் பலகையில் தாள் குத்துவது, கூட்டத்துக்குக் கதிரை இழுத்துப் போடுவது, இவைதான் என் அலுவல். உங்களில் யாருக்கு வாக்குப் போட்டேன் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. கிளிநொச்சியும் வன்னிதான், ஆனால் அந்தச் சனத்தின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் விழுகிறது. ஆகவே அங்கிருந்து தெரிவானவர்களும் இதை வாசித்தால் சந்தோசம்.

மூன்று வருடத்துக்கு முந்திய கதை ஒன்று. ஆறு கிலோமீற்றர் தள்ளி, பக்கத்துக் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு நடமாடும் சேவை நடந்தது. ஏற்பாட்டில் ஓர் உறுப்பினருக்கும் பங்கு. அவர் இப்போது பதவியில் இல்லை, பெயர் வேண்டாம். அடுத்த நாள் காலை அவருடைய முகநூல் பக்கத்தில் படங்கள் வந்தன. நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, பிறகு வரிசையாக மேசைகள். எங்கள் வாசிகசாலைக்குப் பக்கத்து வளவில் இருக்கும் ஆச்சி பேத்தியின் போனை வாங்கி, அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, இந்த மேசையில பிறப்புச் சான்றிதழ் எண்டு எழுதிக் கிடக்கு." மேசைக்கு முன்னால் நாலு கதிரையும் வெறுமையாகக் கிடந்தன. இடப்பெயர்வில் தொலைந்த பத்திரத்துக்காக ஆச்சி இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தார். படம் நல்ல தெளிவு.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்: நடந்து முடிந்ததைக் காட்டுகிறார்கள், நடக்கப்போவதைச் சொல்வதில்லை. நிகழ்வுக்கு இது ஓர் எரிச்சல், அவ்வளவே. இன்னொரு நடமாடும் சேவை எப்போதாவது வரும். சட்டத்துக்கு அப்படியில்லை.

அது ஏன் என்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது. இலங்கையில் ஒரு சட்டமூலம், அதாவது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவு, அரசியலமைப்புக்கு முரணானது என்றால், அது சட்டமூலமாக இருக்கும்போதே உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரை அந்த உரிமையை எந்தப் பிரசைக்கும் கொடுக்கிறது. கட்சித் தலைவர், சட்டத்தரணி என்றில்லை, முத்தையன்கட்டில் வயல் செய்கிறவரும் போகலாம். ஆனால் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரலில்) ஏறியதிலிருந்து எண்ணி ஒரு சில நாள்தான் அவகாசம். நிறைவேறிச் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் 80ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடும். அதற்குப் பிறகு அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அப்படியிருக்க, சட்டம் நிறைவேறிய அன்று மாலை நீங்கள் பேசிய காணொளியைப் போடுவது, குளத்தின் துருசு (மதகு) திறந்து தண்ணீர் ஓடிய பிறகு வாய்க்காலைப் படம் எடுத்து அனுப்புகிற மாதிரி.

குளத்துக்கீழ்ச் சனம் அப்படிச் செய்வதில்லை. சிறுபோகத்துக்கு முன்னம் கூட்டம் போடுகிறோம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருவார், கமக்காரர் அமைப்புகள் வரும். எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், என்றைக்குத் தண்ணீர் விடுவது, மாட்டைக் கட்டவேண்டிய கடைசித் திகதி எது, எல்லாம் அங்கே தீர்மானமாகும். சண்டையும் நடக்கும். போன முறை மாட்டுக் கதையில் ஒருவர் வேட்டியை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டார், தேநீர் வந்த பிறகுதான் அடங்கினார். ஆனால் துருசு திறக்கும் நாள் தெரியாத விவசாயி ஒருவரும் இருக்கமாட்டார்.

2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி உங்களுக்கு நினைவிருக்கும். வடக்கில் கிட்டத்தட்ட 5,900 ஏக்கர், அதில் முல்லைத்தீவு மாவட்டக் காணியும் உண்டு. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்றது அறிவித்தல். என் மனைவிக்குத் தாய்வழியில் கடற்கரைப் பக்கம் கொஞ்சக் காணி இருக்கிறது. எங்களுக்கு யார் சொன்னது? ரொறன்ரோவில் இருக்கும் மருமகன். வட்ஸ்அப்பில் எடுத்து, "மாமா, உங்கட காணியும் அதுக்குள்ள போகுதோ?" என்றான். அதற்குள் நாள் பல ஓடிவிட்டது. வர்த்தமானியைத் தேடி இறக்கினால் துண்டு இலக்கமும் வரைபட இலக்கமும்தான். எது யாருடைய வேலி என்று கண்டுபிடிக்கச் சோதிடம் படித்திருக்கவேண்டும். காணி உறுதி இருந்த சூட்கேசோ 2009இல் மாத்தளன் மண்ணோடு போய்விட்டது. நல்லகாலம், எங்கள் துண்டு அதில் இல்லை. பாராளுமன்றத்திலும் வெளியிலும் குரல் எழும்பி, அந்த வர்த்தமானியும் பின்னர் மீளப் பெறப்பட்டது. குரல் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தச் செய்தி எங்கள் பலகைக்குக் கனடா சுற்றி வந்திருக்கிறது.

வடக்கு மாகாண சபை இருந்த காலத்தில் கேட்பதற்கு 38 உறுப்பினர்களாவது இருந்தார்கள். அதன் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. இன்னும் தேர்தல் இல்லை. பிரதேச சபைக்காரரிடம் வீதி விளக்கைக் கேட்கலாம், சட்டமூலத்தைக் கேட்க முடியாது. மிச்சம் நீங்கள் ஆறு பேர்தான்.

இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுங்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்று நிறைவேறியது. அப்போது வன்னியில் இருந்து போன ஆறு பேரில் யார் எந்தப் பக்கம், யார் மண்டபத்திலேயே இல்லை? வாக்கெடுப்பு விபரம் பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஹன்சாட்டைத் திறந்து பார்க்கிற அளவுக்கு எங்கள் கிராமத்தில் பொறுமை உள்ளவர் ஒருவர்தான், அவரும் ஓய்வுபெற்ற தபாலதிபர். பயங்கரவாதத் தடைச் சட்டமும் அப்படியே. 1979இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்குள் எங்கள் வீடுகளில் இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வெளிவந்தபோது, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒட்டுசுட்டான் சந்தையில் நின்று யாரும் சொல்லவில்லை. இந்தச் சட்டத்தால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நிற்கிற சந்தை அது.

சரி, என்ன கேட்கிறேன் என்று நேரே சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு தாள், ஏ4 அளவு, ஒரு பக்கம் போதும். வரப்போகும் சட்டமூலம் எது, அது எங்கள் காணியை, காட்டை, கடலை, பிள்ளைகளை எங்கே தொடுகிறது, நீதிமன்றம் போவதென்றால் கடைசி நாள் என்ன என்று இருக்கட்டும். போன மாதம் எதற்கு எப்படி வாக்களித்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். வாய்மூல வினா கேட்டிருந்தால் வினாவைவிட அமைச்சர் சொன்ன விடைதான் முக்கியம், அதைப் போடுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முன்னம் நிகழ்ச்சி நிரலும் வரட்டும். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் பற்றி அங்கே கதைக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால், எந்த வயலுக்குள் கல் நிற்கிறது என்று நாங்களே படம் கீறித் தருவோம். நடமாடும் சேவை என்றால் இடம், நாள், கொண்டுவரவேண்டிய பத்திரங்கள். திறப்பு விழாப் படமும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் தாளில் இடம் மிஞ்சினால்.

ஒரு சொல் மட்டும் கூடுதலாக: தமிழில் எழுதுங்கள். சட்டமூலமும் தமிழில்தான் வருகிறது என்பீர்கள். அதை நான் வாசித்துப் பார்த்தேன். "சொல்லப்பட்ட", "ஏற்புடையதாகும் வகையில்" என்று இரண்டு பந்தி போன பிறகு வினைச்சொல் வரும், அதற்குள் எழுவாய் எங்கே என்று மறந்துவிடும். ஆச்சிக்கு வாசித்துக் காட்டினால் ஆச்சிக்கு விளங்கவேண்டும். அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

தபாலில் அனுப்பினாலும் சரி, வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அச்சடிப்பது எங்கள் செலவு. அறிவித்தல் பலகைக்குப் போன மாரியில் கண்ணாடி போட்டுவிட்டோம், இனி மழைக்குத் தாள் நனையாது. போன வருடத்து விளையாட்டுப் போட்டி அறிவித்தல் ஒன்று இன்னும் அதில் தொங்குகிறது. திறப்பு என்னிடம்தான் இருக்கிறது, உங்கள் தாள் வந்த அன்றே அதைக் கழற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர், சனசமூக நிலையம்,
ஒட்டுசுட்டான் பிரதேசம், முல்லைத்தீவு மாவட்டம்