நன்றாக ஓடும் கணினியை ஏன் நிறுத்தச் சொல்கிறோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது, அதைப் போய் ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?" என்று பராமரிப்புக்கு வரும் எங்கள் பிள்ளைகளிடம் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது பில் போடும் கணினி நின்றால் என்ன பாடு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸில், வன்பொருளையும் செயலிகளையும் நடத்தும் மையப் பகுதியான கேர்னலைப் புதிதாக நிறுவினாலும், மறுதொடக்கம் செய்யும்வரை பழையதுதான் ஓடும். திருத்தம் வட்டில் வந்து கிடக்க, ஓட்டையுள்ளதே வேலை செய்துகொண்டிருக்கும்.

அது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு, 2022 மார்ச்சில் வெளியே தெரியவந்த 'டேர்ட்டி பைப்' என்ற கேர்னல் குறை ஒன்றே போதும். கோப்பு ஒன்றை வாசிக்கும்போது கேர்னல் அதன் பிரதியை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஒரு செயலி இன்னொன்றுக்குத் தரவைக் கடத்தும் வழி பைப். வேகத்துக்காக, கோப்பின் நினைவகப் பக்கத்தையே பைப்புக்குள் கொடுக்கவும் முடியும். பைப்பின் ஒவ்வோர் இடத்துக்கும் 'இதில் தொடர்ந்து எழுதலாம்' என்ற குறி ஒன்று உண்டு. புதிய பக்கத்தை வைக்கும்போது முன்னைய குறியை அழிக்கும் வரி கேர்னலில் இல்லாமல் போனது. அடுத்து பைப்பில் எழுதுவது நேரே கோப்பின் பிரதிக்குள் போய் விழும். வாசிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பானாலும் தடை இல்லை. பயனர் கணக்குகள் உள்ள கோப்பை இப்படி மாற்றினால், காசாளருக்கென நாங்கள் திறந்து தந்த சாதாரண கணக்கிலிருந்தே கணினி முழுவதையும் கைப்பற்றலாம். வட்டிலுள்ள மூலக் கோப்பு பெரும்பாலும் மாறாதிருப்பதால், பிறகு தேடினாலும் தடயம் அகப்படுவது கடினம். எங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜேர்மனியின் மக்ஸ் கெல்லர்மான். 2021 ஏப்ரலில், சுருக்கி வைத்த பதிவுக் கோப்பொன்று விரியவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் முறையிட்டார். பார்த்தால் கடைசி 8 பைட்டுகள் மட்டும் பிழை. அதே பழுது திரும்பத் திரும்ப, பெரும்பாலும் மாதக் கடைசி நாள் கோப்புகளிலேயே வந்தது. அவர் விடாமல் துருவியதால்தான் கேர்னலின் குறை அகப்பட்டது. ஆகவே உங்கள் பில் கோப்பு ஒருநாள் திறக்காமல் அடம்பிடித்தாலும், சின்ன விஷயம் என்று விடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

விண்டோஸ் கணினிகளுக்கு இந்தக் குறை இல்லை. லினக்ஸிலும் 5.8 பதிப்பு முதலான கேர்னல்களிலேயே வந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11இன் 5.10 கேர்னலும் அதற்குள் அடங்கும். 2022 பெப்ரவரியிலேயே திருத்தம் வந்துவிட்டது. இணையத்திலிருந்து ஒருவர் இதை மட்டும் வைத்து நுழைய முடியாது. கணினியில் ஏதோவொரு கணக்கோ, செயலியை ஓட்டும் வழியோ அவரிடம் இருக்க வேண்டும். ஒரே கணினியைப் பலர் பாவிக்கும் மருந்தகங்களும் கல்வி நிலையங்களும்தான் முதலில் கவனிக்க வேண்டும். அன்ட்ரொயிட் தொலைபேசியும் லினக்ஸ் கேர்னலில்தான் ஓடுகிறது; அதற்கு வரும் இற்றைப்படுத்தலையும் தள்ளிப்போடாதீர்கள்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் எல்லா இடங்களுக்கும் வந்துவிட விரும்புகிறோம். கடை பூட்டிய பிறகு வருவோம். மேலதிகக் கட்டணம் இல்லை. அன்றைய கணக்கை முடித்து, பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு வரலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அறியத் தாருங்கள்.

அன்புடன்,
கணினிப் பராமரிப்புப் பிரிவினர்,
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்.