ரேடார் அலைகளை அலுமினியப் பட்டைகள் உறிஞ்சவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரேடார் பற்றி வெளியான கட்டுரை, 1943 ஜூலை 24ஆம் தேதி இரவு ஹாம்பர்க் நகரைத் தாக்கச் சென்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் வழிநெடுகக் கொட்டிய அலுமினியப் பட்டைகள் 'ரேடார் அலைகளை உறிஞ்சிவிட்டன' என்று கூறுகிறது. அவை உறிஞ்சவில்லை, சிதறடித்தன. விமானமே இல்லாத இடங்களிலெல்லாம் விமானம் இருப்பதுபோல் ஜெர்மானிய ரேடார் திரைகளில் எதிரொலிகள் மொய்த்ததுதான் அன்றைய குழப்பத்துக்குக் காரணம்.

அந்தப் பட்டை, காகிதத்தின்மேல் அலுமினியத் தாள் ஒட்டியது. நீளம் 27 செ.மீ., அகலம் 2 செ.மீ. கைக்கு வந்தபடி வெட்டிய நீளம் அல்ல அது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் ரேடாரின் அலைநீளமாகிய சுமார் 53 செ.மீ.யில் ஏறத்தாழப் பாதி. அலையின் மின்புலம் உலோகத்திலுள்ள எலக்ட்ரான்களை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. பட்டையின் நீளம் அரை அலைநீளத்தை ஒட்டியிருந்தால் ஒத்ததிர்வு (அலையின் அதிர்வோடு எலக்ட்ரான்களின் ஆட்டம் இசைந்து பெருகுவது) ஏற்பட்டு மின்னோட்டம் வலுக்க, பட்டையே ஒரு சிறு ஆன்டெனாவாகி, வாங்கிய ஆற்றலைப் பல திசைகளிலும் திருப்பி உமிழ்கிறது. காற்றில் புரண்டு விழும் அத்தகைய பட்டை ஒன்று, ரேடாருக்குச் சராசரியாகத் தன் பரப்பைப் போல ஏழெட்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதையே பத்துத் துண்டாக நறுக்கி வீசினால், உலோகம் இம்மியும் குறையாவிட்டாலும், எதிரொலி ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. (இந்தப் பட்டைகளை 1942இல் சோதித்து உருவாக்கிய இயற்பியலாளர் ஜோன் கர்ரன் அம்மையாரின் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லாதது எனக்கு வருத்தம்தான்.)

கட்டுரையாளருக்கு ஐயமிருந்தால், ஜெர்மானியர்கள் கண்ட மாற்றுவழியைப் பார்க்கலாம். தங்கள் இரவுச் சண்டை விமானங்களில், மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தில் இயங்கும் எஸ்.என்.-2 ரேடாரை அவர்கள் பொருத்தியதும், 27 செ.மீ. பட்டைகளின் ஜம்பம் அதனிடம் பலிக்கவில்லை. 1944 ஜூலையில் அந்த ரேடாருடன் ஜங்கர்ஸ் விமானம் ஒன்று வழிதவறி இங்கிலாந்தில் தரையிறங்கியதால் அதன் அலைநீளம் தெரியவந்து, அதற்கேற்ற நீளமான பட்டைகளைக் கொட்டி பிரிட்டிஷார் அதன் பார்வையையும் குலைத்தனர். வெறுமனே உறிஞ்சும் பொருளாக இருந்திருந்தால், பட்டையின் நீளத்தை ஏன் மாற்ற வேண்டும்?

படத்தின் கீழுள்ள 'அலைகளை விழுங்கும் மேகம்' என்ற வரியையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காரைக்குடி.