பச்சைப் பூவுக்குப் பெயர் சொன்னவர்களுக்கு நன்றி

தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஐப்பசி மழையோடு தலைகாட்டிய சாண் உயரச் செடிக்குப் பெயர் கிடைத்துவிட்டது: ஹேபனேரியா விரிடிஃப்ளோரா. ஆர்க்கிட் குடும்பம். இலையும் புல் மாதிரி, பூவும் புல் நிறம். "இது கோரை இல்லீங்க" என்று முதலில் சொன்னவர் அங்கே ஆடு மேய்க்கும் அக்கா. மூன்று வாரம் மந்தையை வேறு பக்கம் ஓட்டிப்போனதற்கும் சேர்த்து முதல் நன்றி அவருக்கே.

படம் எடுத்துத் தந்த தம்பிகளுக்கு அடுத்த நன்றி. முதலில் வந்தவை எல்லாம் பூவின் முகம்தான். அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. முதுகுப்பக்கம் தொங்கும், தேன் இருக்கும் குழலில்தான் விஷயம் இருக்கிறது. கிட்டத்து உறவான பெரிஸ்டைலஸுக்கு அது பெரும்பாலும் குட்டைப் பை. ஹேபனேரியாவுக்கு மெலிந்து நீண்ட குழல். முறுக்கிய சூலகத்தோடு (பின்னால் காயாகும் பகுதி) ஒட்டிக் கிடப்பதால் காம்பு என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பின்னால் கறுப்புத் துணி பிடித்து, காற்று எழும்புமுன் காலையில் பக்கவாட்டில் எடுத்த இரண்டு படங்கள்தான் காரியத்துக்கு உதவின. பச்சைக்குப் பச்சை பின்னணி இருந்தால் கேமரா புல்லைத்தான் ஃபோகஸ் செய்யும்.

நுண்ணோக்கி தந்த கல்லூரி ஆசிரியருக்குத் தனி நன்றி. கிழங்கைத் தோண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர். அடுத்த வருடச் செடி அந்தக் கிழங்கில்தான் இருக்கிறது. பூக்கதிரின் அடியிலிருந்து இரண்டே பூ எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போட்டோம். ஒரே நாளில் பச்சை வெளுத்துப்போகும், அதனால் நிறத்தை முன்பே குறித்துவிட வேண்டும். காய்ந்த பூவாக இருந்தால் வெந்நீரில் ஊறவைக்காமல் பிரிக்கக் கூடாது: உதட்டிதழின் மெல்லிய பக்கப் பிளவுகள் நடுப்பிளவோடு ஒட்டிக்கொள்ளும், மூன்றாகப் பிளந்தது ஒன்றாகத் தெரியும். கிராஃப் தாள்மேல் ஒட்டி அளந்ததும் சந்தேகம் தீர்ந்தது.

இந்தப் பூவின் அறிவியல் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவர்கள் வரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ராட்லர், 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார். பின்னாளில் தமிழ் அகராதி தொகுத்தவரும் அவரே. டெல்டாக்காரர்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

செடி இருக்கும் சரியான இடத்தைக் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், சொல்வதாக இல்லை. அக்காவுக்கு மட்டும் ஒரு சேதி: காய் வெடித்து விதை பறந்ததும் சொல்லி அனுப்புகிறோம், பிறகு ஆடுகளை ஓட்டி வரலாம்.